துரையும் கங்காணியும் ஒரே பக்கத்தில்: மலைத்தோட்ட வரலாற்றை எந்த வழியில் எழுதுவது?

மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுதியே தீர்வது என்று எங்கள் வாசகசாலையில் கூடும் இளையவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். வெள்ளையர் ஆட்சியும் நிற வேற்றுமையும் இந்த மலையில் எப்படி வேலை செய்தன என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பெரும்பாலோர் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். சிலர் வரலாற்றில் முதுகலை முடித்தவர்கள். எழுதுவதில் எல்லாருக்கும் ஒரே மனம். எப்படி எழுதுவது என்பதில்தான் நான்கு கட்சி. காப்பகத்துக்குப் போய் சர்க்கார் தாள்களையும் கம்பெனித் தாள்களையும் புரட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். வெள்ளையர் நம்மை எப்படி அளந்தார்கள், வகைப்படுத்தினார்கள் என்பதை எழுதலாம் என்கிறார் இன்னொருவர். லயத்து முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதே முதல் வேலை என்பது மூன்றாவது கட்சி. இலங்கை, மலாயாத் தோட்டங்களோடு சேர்த்துப் பார்க்காமல் இந்த மலை விளங்காது என்பது நான்காவது. நான்குமே வரலாற்றாசிரியர்கள் நடந்து காட்டிய வழிகள்தான். ஆனால் நான்கிலும் ஒரே நேரத்தில் இறங்க நம்மிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் என் தேர்வையும் அதற்கான காரணத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்று எளிதில் கையில் கிடைப்பது சுற்றுலாக் கையேட்டு வரலாறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1880இல் ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். 1895இல் கிளாஸ்கோவின் பின்லே மியூர் கம்பெனி வந்தது, 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. 1924 வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைக் கொண்டுபோனது. தேதிகளில் பிழை இல்லை. ஆனால் இத்தனை வினைச்சொற்களில் ஒன்றுக்குக்கூடத் தொழிலாளி எழுவாயாக இல்லை. 1894இல் காலராவில் இறந்த இளம் துரைசானி எலினார் நைட்டின் கல்லறையைப் பற்றி எல்லாக் கையேடும் உருகி எழுதுகிறது. அந்தக் காலத்தில் இந்த மலையில் செத்த கூலிக்காரர்களை எங்கே புதைத்தார்கள் என்று நான் படித்த எந்தக் கையேடும் கேட்கவில்லை.

நான்கு வழிகளையும் எடைபோட நான் வைத்திருப்பது ஒரே சோதனை. துரையையும், ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணியையும் ஒரே பக்கத்தில் கொண்டுவர அந்த வழி உதவுகிறதா? காரணம் சொல்கிறேன். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். அவர்களுக்குச் சாம்ராஜ்யம் தினசரி வாழ்க்கையில் வெள்ளை முகத்தோடு வரவில்லை. பெரியதுரை பங்களாவில் இருந்தார்; காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் நின்றவர் கங்காணி. முன்பணம் கொடுத்தவர், கடன் கணக்கு வைத்தவர், ஆள் ஓடிப்போனால் தேடிப் பிடித்தவர் எல்லாம் அவரே. அதே சீமைக்காரர், அதே மொழிக்காரர். சில இடத்தில் அதே சாதி, பல இடத்தில் மேல்சாதி. வெள்ளையன், கறுப்பன் என்று மட்டும் வரலாறு எழுதினால் கங்காணி தப்பித்துக்கொள்கிறார். சாதியை மட்டும் எழுதினால் கிளாஸ்கோவில் லாபம் எண்ணியவர் தப்பித்துக்கொள்கிறார்.

நிறத்தையும் சாதியையும் சேர்த்து யோசிப்பது புது வழக்கமும் இல்லை. ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட தம் ‘குலாம்கிரி’யை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின வரலாற்றாசிரியர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டு பாய்ஸ் பரிவோடு பதிலும் எழுதினார். எதிர்க்கட்சியும் உண்டு. டிரினிடாடில் பிறந்த சமூகவியலாளர் ஆலிவர் காக்ஸ், நிறவெறி முதலாளித்துவத்தோடு பிறந்தது, சாதி வேறு வகை, இரண்டையும் குழப்பக்கூடாது என்று 1948இல் வாதாடினார். இரண்டும் ஒன்று என்று நானும் சொல்லவில்லை. இந்த மலையில் இரண்டும் ஒரே சம்பளக் கணக்கில் சந்தித்தன என்கிறேன்.

முதலில் காப்பக வழி. இதன் பலத்தை இளையவர்கள் குறைவாக மதிப்பதாக எனக்குப் படுகிறது. நிற வேற்றுமை என்பதை ஏதோ துரைமாரின் திமிர், கிளப்பில் இந்தியரைச் சேர்க்காத பழக்கம் என்ற அளவில் பேசுகிறோம். தாள்களைப் படித்தால் அது சட்டமாகவே இருந்தது தெரியும். திருவிதாங்கூர் பிரிட்டிஷ் மண் இல்லை, மகாராஜாவின் ராஜ்யம். ஆனாலும் அந்த ராஜ்யத்து நீதிமன்றம் ஒரு வெள்ளைக்காரனை விசாரிக்கலாமா என்பதே பெரிய வழக்காயிற்று. ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வணிக முகவராக இருந்த ஜான் லிடல் பணக் கையாடலுக்காக 1868இல் இங்கே விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். சென்னை அரசு அந்த அதிகாரத்தையே கேள்வி கேட்டது; திவான் மாதவராவ் விட்டுக்கொடுக்காமல் எழுதி வாதாடினார். பின்னால் ஏற்பட்ட ஏற்பாட்டில், ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிகளை விசாரிக்க மகாராஜா தனி மாஜிஸ்திரேட்டுகளை நியமிக்கலாம், ஆனால் அந்த மாஜிஸ்திரேட்டும் ஐரோப்பியக் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. மலைமேல் அந்தத் தகுதி உள்ளவர் யார்? தோட்டத் துரைதான்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது வெள்ளையர் கொதித்ததும் இதற்காகவே. இந்திய நீதிபதி வெள்ளைக்காரனை விசாரிக்கலாம் என்ற எளிய ஏற்பாட்டை எதிர்த்து முன்வரிசையில் நின்றவர்களில் அஸ்ஸாம், வங்காளத் தோட்டக்காரர்களும் உண்டு. 1884இல் அரசு இறங்கிவந்தது. வெள்ளைக்காரக் குற்றவாளி பாதி பேராவது வெள்ளையராக உள்ள ஜூரியைக் கேட்டு வாங்கலாம் என்றானது.

மறுபக்கம் தொழிலாளிக்கு இருந்த சட்டத்தைப் பாருங்கள். 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிய வேலைக்காரன் வேலைக்கு வராவிட்டால் அது கடன் வழக்கு இல்லை, குற்றம். மாஜிஸ்திரேட் அவனைத் திரும்ப வேலைக்கு அனுப்பலாம்; மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. நீலகிரி, வயநாடு தோட்டக்காரர்களுக்காக 1903இல் சென்னை மாகாணம் தனிச் சட்டமே செய்தது. கூலி தராத துரைக்கு இதற்கு இணையான சிறைத் தண்டனை கிடையாது. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற ஒரு மாணவருக்கு நிறம் என்றால் என்ன என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்பது அடுத்த கேள்வி. திருவிதாங்கூர் கோப்புகள் திருவனந்தபுரத்தில், சென்னை மாகாணக் கோப்புகள் எழும்பூரில், இந்தியா ஆபீஸ் பதிவுகள் லண்டனில், ஜேம்ஸ் பின்லே கம்பெனியின் கணக்கும் கடிதமும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில். இந்த மலையின் சம்பளக் கணக்கைப் பார்க்க ஸ்காட்லாந்து போக வேண்டியிருக்கிறது! நாகம் ஐயா 1906இல் எழுதிய திருவிதாங்கூர் மானுவல், அதற்கு முந்தைய வார்டு, கானர் சர்வே நினைவேடு போன்ற அச்சு நூல்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. லிடல் வழக்கை விளங்கிக்கொள்ளத் தொடக்கத்துக்கு நாகம் ஐயாவின் நூல் போதும்.

காப்பக வழி என் சோதனையில் பாதிதான் தேறுகிறது. துரை முழு உருவத்தோடு வருகிறார்: பெயர், ஊர், சம்பளம், உடல்நிலை, மனைவியின் உடல்நிலை வரை. தொழிலாளி ‘கூலி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபடுகிறார். கங்காணி அவ்வப்போது எட்டிப்பார்க்கிறார், அதுவும் முன்பணத்தோடு ஓடிவிட்டார் என்ற புகாரில்தான்.

இரண்டாவது வழி, வெள்ளையரின் இன அறிவியலை ஆராய்வது. எட்வர்ட் சயீத் 1978இல் எழுதிய ‘ஓரியண்டலிசம்’ நூலுக்குப் பிறகு உலகெங்கும் இந்த வழி பெருகியது. நம் நாட்டைப் பற்றி பெர்னார்ட் கோன், நிக்கலஸ் டர்க்ஸ், தாமஸ் டிரவுட்மன் எல்லாம் இவ்வழியில் எழுதியவர்கள். படிக்கச் சுவையானது, நூல்களும் வீட்டிலிருந்தே கிடைக்கும். சென்னையில் கம்பெனி அதிகாரியாக இருந்த எல்லீஸ் 1816இல் தென்மொழிகளைத் தனிக் குடும்பம் என்று காட்டியதும், கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதியதும் மொழி ஆய்வுதான். சில பத்தாண்டுகளில் அதே திராவிடம் மூக்கு அளவாகவும் மண்டை அளவாகவும் மாறியது. 1901 மக்கள்தொகைக் கணக்கை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலம் கூடக்கூடச் சாதியின் மதிப்பு குறைகிறது என்று விதி செய்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அளவுகோல்களோடு மலைமலையாகப் போனார். 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதிகள் வெளியிட்டார்.

இதில் நம் எல்லைப்பகுதிக்கு நெருங்கிய பாத்திரம் ஒருவர் இருக்கிறார். பாலக்காடு லட்சுமிநாராயணபுரம் அக்கிரகாரத்தில் 1861இல் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். கொச்சி அரசுக்காக 1902இல் இனவரைவியல் கணக்கெடுப்பைத் தொடங்கி, 1909லும் 1912லும் இரண்டு தொகுதிகள் கொண்டுவந்தார். பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் தமிழ் பேசிய ஒருவர், கொச்சி மகாராஜாவின் சம்பளத்தில், லண்டன் அறிவாளிகள் வகுத்த கேள்விப் பட்டியலோடு பறம்பிக்குளம் காடர்களிடம் போய் நிற்கிறார். அந்தக் காடர்களை 1920களின் கடைசியில் மானிடவியலாளர் பி.எஸ். குஹா மறுபடியும் போய்ப் பார்த்தார். அவர்களில் சிலரின் சுருள் முடியை வைத்து, அந்தமான் மக்கள் போன்ற நீக்ரிட்டோ இனக்கலப்பு என்று முடிவு கட்டினார். ஒரு சிறு மலைக்கூட்டம் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இத்தனை அளவுகோலைத் தாங்கியிருக்கிறது.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ சித்தூரிலிருந்தோ யாராவது இதைப் படித்தால், நீங்கள் இந்த வழியில் தாராளமாகப் போகலாம். அனந்தகிருஷ்ண ஐயரின் ஊர் உங்கள் ஊருக்குப் பக்கம், காடர் மலையும் பக்கம். பிரிட்டிஷ் மலபாரும் கொச்சி ராஜ்யமும் மாறிமாறிக் கிடந்த நிலம் அது. அளந்தவரையும் அளக்கப்பட்டவரையும் சேர்த்து எழுத அதைவிடத் தோதான இடம் கேரளத்தில் இல்லை.

மூணாற்றுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இந்த வழியில் போனவர்களில் பலர் கடைசியில் நூல்களைப் பற்றிய நூலை எழுதிவிடுகிறார்கள். அளக்கப்பட்ட ஆள் படமாகவே நின்றுவிடுகிறார். இதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. இன்று நாம் காணும் சாதி பெரும்பாலும் காலனி ஆட்சி உருட்டித் திரட்டியது என்று டர்க்ஸ் 2001இல் வாதிட்டார். கணக்கெடுப்பு சாதியை இறுக்கியது என்பது உண்மை. ஆனால் அதைக் கொஞ்சம் தளர்வாகப் படித்தால், சாதிக் கொடுமையே வெள்ளையன் கொண்டுவந்தது என்ற சௌகரியமான முடிவுக்கு ஆள் போய்விடுவார். கேரள மண்ணில் அது நிற்காது. கொச்சி 1854லும் திருவிதாங்கூர் 1855லும் அடிமை முறையை ஒழித்து உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால், ஒழிக்க அங்கே ஏதோ இருந்தது. புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், நிலமில்லாமலும் விற்கப்பட்டார்கள். பி. சனல் மோகன் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சாதி அடிமைத்தனத்தையும் அது விட்டுச்சென்ற நினைவையும் நேருக்கு நேர் பார்க்கிறது. 1909இல் தலித் மக்களுக்காகப் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கிய பொய்கையில் அப்பச்சன், எத்தனையோ வம்சங்களின் சரித்திரம் கண்ணில் படுகிறது, என் வம்சத்தைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லையே என்று பாடினார். பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பிற்பாடு கேட்ட கேள்வியை அவர் பாட்டிலேயே கேட்டுவிட்டார்.

மூன்றாவது வழிக்கு வருவோம். லயத்தில் போய் உட்கார்ந்து கேட்பது. ரணஜித் குஹா தொடங்கிய அடித்தள மக்கள் ஆய்வுத் தொகுதிகள் 1982 முதல் வந்து, கலகக்காரரின் குரலை அதிகாரியின் தாளிலிருந்தே பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுத்தன. நமக்கு அந்தச் சுற்றுவழிகூட வேண்டாம், ஆளே எதிரில் இருக்கிறார். ஆனால் நேரம் குறைவு. தோட்டம் 1964இல் டாட்டா பின்லே ஆனது, 1983இல் டாட்டா டீ ஆனது. வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே கொழுந்து கிள்ளியவர்கள் இப்போது மிகுந்த வயதானவர்கள். காப்பகத் தாள் பத்து வருடம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு 70 பேரை மண் மூடியது. அந்த லயங்களோடு போன குடும்ப நினைவை இனி எந்தக் கோப்பும் திருப்பித் தராது.

இந்த வழியில் இறங்குகிறவர்கள் ஒரு சொல்லைக் கட்டாயம் கேட்பார்கள்: “வெள்ளக்காரன் காலம் நல்லா இருந்துச்சுப்பா.” கேட்டதும் இளையவர்களுக்குக் கோபம் வரும். சிலர் டேப்பை நிறுத்திவிடுவார்கள், சிலர் பாட்டிக்குச் சாம்ராஜ்யம் என்றால் என்ன என்று வகுப்பு எடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். எதோடு ஒப்பிட்டு நல்லா இருந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். சொந்த ஊரில் ஆண்டையின் தெருவில் செருப்புப் போட முடியாத காலத்தோடா? பின்னால் வந்த மேனேஜரோடா? கம்பெனி ஆஸ்பத்திரியோடா, இன்றைய பென்ஷன் அலைச்சலோடா? பதில் வரவர, துரை நல்லவரா கெட்டவரா என்பது பின்னால் போய், அவர் எந்தச் சாதிக் கணக்கின் மேல் உட்கார்ந்து நல்லவராகத் தெரிந்தார் என்பது முன்னால் வரும். மலைத்தோட்டத்தில் நிறமும் சாதியும் எப்படி ஒன்றையொன்று தாங்கின என்பதை இந்த ஒரு வாக்கியம் காட்டுகிற அளவுக்கு எந்தச் சர்க்கார் கோப்பும் காட்டாது.

தேதி பற்றியும் ஒரு யோசனை. முதியவர்களிடம் வருடம் கேட்காதீர்கள். தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். கொல்லம் ஆண்டு 1099இன் அந்த வெள்ளம்தான் கையேடு சொல்லும் 1924 வெள்ளம். அதை நேரில் பார்த்தவர்கள் இன்று இல்லை. ஆனாலும் அப்பா வந்தது வெள்ளத்துக்கு முன்னால், தாத்தா செத்தது பின்னால் என்று குடும்பக் கதைகள் அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

இதிலும் ஓட்டை உண்டு. கங்காணி குடும்பத்தின் பேரன் பேத்திகள் அதே பஜாரில் கடை வைத்திருக்கிறார்கள், அதே கோயில் கமிட்டியில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும் என்று தெரிந்து யாரும் முழுசாகப் பேசமாட்டார்கள். சாதிப் பெயர் வரும் இடத்தில் குரல் தாழும். அதோடு, கம்பெனி எவ்வளவு லாபம் எடுத்தது, சட்டம் எங்கே செய்யப்பட்டது, விலை எங்கே நிர்ணயமானது என்பது லயத்துக்குத் தெரிய வழியே இல்லை. கங்காணி இங்கே நன்றாகத் தெரிகிறார், துரையின் பங்களா வரை தெரிகிறது, அதற்கு அப்பால் மூடுபனி.

2015 செப்டம்பரை மட்டும் இதற்கு விலக்காகச் சொல்வேன். அன்று தினக்கூலி 232 ரூபாய். போனஸைக் குறைத்ததற்காக மூணாறு வீதியில் உட்கார்ந்த பெண்கள் கம்பெனியை மட்டும் எதிர்க்கவில்லை. யூனியன் தலைவர்களையும் மேடையில் ஏறவிடவில்லை. மேலிருந்து சுரண்டுகிறவரையும் நடுவில் நின்று தரகு பார்க்கிறவரையும் ஒரே மூச்சில் கேள்வி கேட்டது பெம்பிளை ஒருமை என்ற அந்தப் பெண்களின் கூட்டமைப்பு. நான் சொல்லும் சோதனை என் கண்டுபிடிப்பு இல்லை, அந்தப் பெண்கள் போட்ட கோஷத்தில் இருந்தது. அவர்களின் பேச்சுகளையும் கோஷங்களையும் வரலாற்றுச் சான்றாகவே சேகரிக்க வேண்டும், இப்போதே.

நான்காவது வழி, கடல் கடந்து சேர்த்துப் பார்ப்பது. டிரினிடாட் வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் 1944இல் கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பையும் பிரிட்டிஷ் மூலதனத்தையும் ஒரே நூலில் கட்டியபோது தொடங்கிய மரபு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், அடிமை ஒழிப்பின்போது பிரிட்டன் கொடுத்த 2 கோடி பவுண்டு நஷ்டஈடு யார் யாருக்குப் போனது என்று பெயர் பெயராகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தப் பணம் அடிமைகளுக்குப் போகவில்லை, உடைமைக்காரர்களுக்குப் போனது. இந்தப் பழக்கத்தை மூணாற்றுக்குக் கொண்டுவந்தால் நல்ல கேள்விகள் பிறக்கும். ஜேம்ஸ் பின்லே 1750இல் கிளாஸ்கோவில் தோன்றிய நிறுவனம். பருத்தி ஆலைகளில் வளர்ந்தது. அமெரிக்க அடிமைகள் பறித்த பஞ்சைப் பெரிதும் நம்பியிருந்த தொழில் அது. அங்கே திரண்ட மூலதனம் எந்த வழியில் தேயிலைக்குள் வந்தது? 1869இல் இலங்கையின் காப்பிச் செடிகளில் தோன்றிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்து, தோட்டக்காரர்களை, மலேரியா மருந்து தரும் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் திருப்பியது. ஒரு பூஞ்சை கண்டியில் செய்ததன் தொடர்ச்சி கண்ணன் தேவன் மலையிலும் இருக்கிறது.

திரும்பி வந்தவர்களும் இந்தக் கதைக்குள் உண்டு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்திலேயே, புனலூர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் கவி என்ற ஊரின் ஏலக்காய்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டார்கள். தாத்தா தனுஷ்கோடி வழியாகப் போனார், பேரன் கேரளக் காட்டில் இறக்கிவிடப்பட்டார். கவியைச் சேர்க்காமல் கேரளத் தோட்டத் தமிழர் வரலாறு எழுதுவது நியாயமாகாது.

இந்த வழியின் ஆபத்து, அங்கே கிடைத்த சான்றை இங்கே ஒட்டிவிடுவது. மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் போன ஒப்பந்தக் கூலிகளுக்குக் கப்பல் பதிவேடு உண்டு: பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உடல் அடையாளம். இலங்கைக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம் இருந்தது, கழுத்தில் தகரச் சீட்டு இருந்தது. நம் ஆட்கள் போடியிலிருந்து மலையேறி நடந்து வந்தார்கள். கப்பல் இல்லை, முகாம் இல்லை. அதனால் அப்படிப்பட்ட பதிவேடும் இல்லை. அந்த இல்லாமையே ஒரு வரலாறு. நடந்து வந்தவர் நடந்து திரும்பவும் முடியும்; கங்காணியின் கடனும் மலைப்பாதையின் குளிரும்தான் வேலி. ஹியூ டிங்கர் 1974இல் ஒப்பந்தக் கூலி முறையைப் புதிய அடிமை முறை என்று அழைத்தார். அந்தப் பெயரை எடுத்து அப்படியே மூணாற்றுக்குச் சூட்டினால் படிக்கச் சூடாக இருக்கும், ஆனால் திருவிழாவுக்கு ஊர் போய்த் திரும்பிய பாட்டன்மாரின் கதையை அது விழுங்கிவிடும்.

ஊருக்குப் போய்வந்த இந்த வழக்கமே பின்னால் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைப் பற்றி யோசித்தபோது, அங்கே தமிழர் அதிகம்தான், ஆனால் அவர்களில் பலர் வந்துபோகும் தொழிலாளர் என்று கருதி அந்தப் பெரும்பான்மைக்கு முழு எடை கொடுக்கவில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் போராட்டத்துக்குக் கன்னியாகுமரி கிடைத்தது, இந்த மலை கேரளத்தோடு நின்றது. எல்லைக்கோடு சரியா தப்பா என்ற பழைய சண்டையை நான் கிளப்பவில்லை. மூன்று தலைமுறை உழைத்தவரையும் ‘வந்தவர்’ என்று எழுதும் பழக்கம் எங்கே பிறந்தது என்பதே என் கேள்வி. அது தோட்டக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் பிறந்து, குடியரசின் அறிக்கை வரை வந்திருக்கிறது. சாம்ராஜ்ய வரலாற்றை 1947இல் நிறுத்துகிற புத்தகங்கள் இதைப் பார்க்காமலே போய்விடுகின்றன.

இன்னொருவர் நான்கு வழியிலும் ஓரமாகவே நிற்கிறார்: முதுவர். தோட்டம் வருமுன் இந்த மலையில் இருந்தவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். இரண்டாவது வழி அவர்களைப் பழங்குடி என்று தட்டில் வைக்கும், மற்ற மூன்றும் தொழிலாளி இல்லையே என்று தாண்டிப்போகும். மன்றோ குத்தகைக்கு எடுத்தது யாருடைய மலையை என்ற கேள்வி அவர்களைக் கேட்காமல் முடியாது. அவர்களைப் பற்றி நாம் எழுதுவதைவிட அவர்கள் பிள்ளைகளே எழுதுவது நல்லது. புத்தகத்தில் அவர்களுக்கு இடம் விட்டுவைப்போம்.

இனி என் தேர்வு. மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து, ஆனால் மிகச் சிறிய அளவில். முழு மலையை எழுத வேண்டாம். ஒரே ஒரு எஸ்டேட்டில் ஒரே ஒரு டிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த லயங்களின் குடும்பங்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தன என்று கேட்டு, அந்த ஊர்களுக்குப் போங்கள்: சங்கரன்கோவில் பக்கமோ, உசிலம்பட்டி பக்கமோ, எதுவானாலும். அங்கே போகாமல் தங்கிவிட்ட சொந்தக்காரர்களிடமும் கேளுங்கள். அவர்களில் இலங்கைக்கோ மலாயாவுக்கோ போன கிளை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் ஒருவர் கண்டிக்கும் ஒருவர் மூணாற்றுக்கும் போனது ஏன் என்ற கேள்வி நான்காவது வழியின் எந்தப் பெரிய நூலுக்கும் குறைந்தது இல்லை. பீர்மேடு தோட்டங்களின் தமிழ்த் தலித் தொழிலாளரைப் பற்றி ஜெயசீலன் ராஜ் 2022இல் வெளியிட்ட ஆய்வு நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாதி, மொழி, வேலை மூன்றையும் ஒன்றாகப் பிடிப்பது எப்படி என்று பார்க்க அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

காப்பகத்துக்கு இரண்டாம் வருடம் போகலாம். அப்போது கையில் பெயர் இருக்கும்: கங்காணி பெயர், ஊர்ப் பெயர், தோட்டத்தின் பெயர். பெயரில்லாமல் காப்பகத்துக்குள் போனவருக்குத் துரைமாரின் பெயர்தான் கிடைக்கும். இங்கே நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. தமிழ்வழிப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு மலையாளமும் வாசிக்கத் தெரியும், ஆங்கிலமும் ஓரளவு வரும். சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவருக்கு இந்த மூன்றும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம். லிடல் வழக்கு, 1859 சட்டம், மாஜிஸ்திரேட் துரைமார் பற்றி ஓர் அத்தியாயத்தை அச்சு நூல்களை வைத்து இப்போதே எழுதத் தொடங்கலாம், அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

பதிவு செய்யும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பிரதி அந்தக் குடும்பத்திடம் இருக்கட்டும். யார் பெயரை வெளியிடக்கூடாது என்று அவர்களே சொல்லட்டும். பெட்டிமுடியில் உறவை இழந்தவர்களிடம் அவர்களாகப் பேச வந்தால் ஒழியப் போகாதீர்கள்.

எந்த வீட்டிலும் முதலில் கேட்க வேண்டியது இது: உங்கள் ஆட்களை இந்த மலைக்குக் கூட்டிவந்த கங்காணி யார், எந்த ஊர், என்ன சாதி, எவ்வளவு முன்பணம் கொடுத்தார்? பதிலை எழுதிக்கொண்டு, அதே தாளில் அடுத்த வரியாக நாம் தேடிப் போக வேண்டிய கேள்வியையும் எழுதுங்கள்: அந்த முன்பணத்தைக் கங்காணிக்குக் கொடுத்தது எந்தக் கம்பெனி, அது எந்த ஊர்க் கணக்கில் எழுதப்பட்டது?